றெஜினா கேட்ட கோழி மக்கரோனி

என்னோடு ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிற சகோதரங்களே,

1992ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் என் மனைவி றெஜினா சாப்பாட்டை வெறுத்துச் சாகக் கிடந்தாள். ஆண்டவர் அவளை எனக்குத் திருப்பித் தந்தார். எப்படித் தந்தார் என்பதை, என் பிழைகளையும் மறைக்காமல், நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நாளும் நேரமும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

நாங்கள் யாழ்ப்பாணக் கடற்கரையில் மீன்பிடி ஊரான குருநகர் ஆட்கள். நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் குடியிருந்து, பண்டசாலைக் கிளாக்கராக வேலை பார்த்தேன். 1983 ஆடிக் கலவரத்தோடு உடுத்த உடுப்பில் கப்பலேறி ஊருக்கு வந்தோம். 1990இல் கோட்டைப் பக்கம் சண்டை மூண்டபோது குருநகர் வீட்டையும் விட்டுவிட்டு, கோண்டாவிலில் கனகம்மா அக்காவின் வளவில் ஓர் அறையில் ஒதுங்கினோம். அவர் சைவக் குடும்பத்துக் கைம்பெண். தோட்டம் செய்து சீவிக்கிறவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான்.

தை (ஜனவரி) 27ஆம் திகதி, திங்கட்கிழமை, றெஜினாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. நெருப்புக் காய்ச்சல், தைபோயிட், என்று வைத்தியர் சொன்னார். மூன்று கிழமை எரிந்தது. மாசி 17இல் காய்ச்சல் விட்டது. நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டு விட்டேன். காய்ச்சலோடு அவளுடைய பசியும் போயிருந்தது.

கஞ்சி வைத்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. முட்டை அவித்தேன். மணமே வேண்டாம் என்றாள். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாளென்றால் பொழுதுபட்ட பிறகும் அப்படியே கிடப்பாள்.

வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"மருந்து தன்ரை வேலையைச் செய்து போட்டுது, ஐயா. இனிச் சாப்பாடுதான் மருந்து. அவ வாய் திறக்காட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது."

பங்குனி 4, விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலில் இருந்து ஒரு நேர்த்தி வைத்தேன். "ஆண்டவரே, என் றெஜினா வாய் திறந்து சாப்பிட வேண்டும். அதற்காக உயிர்த்த ஞாயிறு வரை எங்கள் வீட்டில் மீனோ இறைச்சியோ சமைக்க மாட்டேன்." குருநகரில் பிறந்தவன் நாற்பது நாள் மீனைத் தொடமாட்டேன் என்று சொல்வது சின்னக் காரியமல்ல. அது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983இல் இருந்து நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எங்கே ஷெல் விழுந்தது, யார் செத்தார், எந்தச் சாமான் தட்டுப்பாடு, எல்லாம் திகதியோடு இருக்கும். பின்னேரங்களில் கட்டிலருகே கதிரை போட்டு அன்றைய பக்கத்தை றெஜினாவுக்கு வாசிப்பேன். தனியே கிடக்கிறாளே, துணையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பங்குனி 23, திங்கட்கிழமை பின்னேரம். வாசித்து முடித்துக் கொப்பியை மூடினேன். றெஜினா சுவர்ப் பக்கம் இருந்து மெல்லத் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ. கொட்டாஞ்சேனையிலை எதிர் வீட்டுப் பறங்கி மனுசி ஞாயிற்றுக்கிழமையிலை ஒரு கோப்பை குடுத்துவிடுறவ. கோழி மக்கரோனி. ஞாபகமிருக்கே?"

"இருக்கு."

"அதிலை ஒரு கரண்டி கிடைச்சாத் தின்னலாம் போலை கிடக்கு."

ஐந்து கிழமைக்குப் பிறகு அவளாக வாய் திறந்து கேட்ட முதற் சாப்பாடு. கோழி தேடக் கதிரையை விட்டு எழும்பினேன். அடுத்த கணமே நேர்த்தி ஞாபகம் வந்தது. உயிர்த்த ஞாயிறு, எங்கள் பாஸ்கு, சித்திரை 19. இன்னும் இருபத்தேழு நாள்.

"பாஸ்குவுக்கு வடிவாச் செய்து தாறன்" என்றேன்.

"ஓம், சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

அன்றைக்கு மரக்கறிச் சூப் வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை. அடுத்த நாள் காலையில் தண்ணீரும் வேண்டாம் என்றாள். நான் செபமாலையை எடுத்து, "ஆண்டவரே, அவளுக்குப் பசியைக் கொடும்" என்று மன்றாடினேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவர் கொடுத்த பசியை நானே வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, மேலும் பசி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று, செவ்வாய்க்கிழமை, றெஜினாவின் தமக்கை பிலோமினா அக்கா சைக்கிளில் வந்தார். நாக்கில் எலும்பில்லாதவர், நெஞ்சில் கள்ளமும் இல்லாதவர். தங்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அந்தோனி, இவள் என்னவோ கேட்டவளாம். குடுத்தீரோ?"

"கோழி மக்கரோனி கேட்டவள், அக்கா. நான் நேர்த்தி வைச்சிருக்கிறன். பாஸ்கு வரைக்கும் வீட்டிலை மச்சமாமிசம் சமைக்கிறேல்லை எண்டு."

"என்னத்துக்கு வைச்ச நேர்த்தி?"

"றெஜினா வாய் திறந்து சாப்பிட வேணும் எண்டு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விசர் மனுசா! நீர் கேட்டதை ஆண்டவர் வாசல்லை கொண்டுவந்து வைச்சிருக்கிறார். நாள் சரியில்லை, பாஸ்குவுக்குப் பிறகு வாரும் எண்டு திருப்பி அனுப்பிறீரோ? அவரென்ன உம்மடை கந்தோர்ப் பியோனோ?"

அவர் விடவில்லை.

"இன்னொண்டு. பின்னேரத்திலை உந்தச் சாவு இடாப்பை அவளுக்கு வாசிக்கிறதை நிப்பாட்டும். நல்லாயிருக்கிற எனக்கே அதைக் கேட்டாச் சோறு இறங்காது."

அன்றே பங்குச் சுவாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் கதைக்கவில்லை. "வருத்தக்காறிக்குச் சமைச்சுக் குடும். நீர் அதைத் தொடாமல் விடும். உம்மடை தவம் உம்மோடை இருக்கட்டும்" என்றார். தோளில் இருந்து மூட்டை இறங்கியது போலிருந்தது.

ஆனால் மக்கரோனிக்கு எங்கே போவது? சண்டையால் பாதை மூடி, வெளியில் இருந்து சாமான் வராத காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கண்ணில் காண்பதே அரிது. விறகும் தட்டுப்பாடு, என்னிடம் இருந்தது ஒரு கட்டுப் பனைமட்டை மட்டுந்தான். அதிலும் எங்கள் அறைக்குள்தான் அடுப்பு. புகை எழும்பினால் றெஜினா இருமி இருமித் துவண்டு போவாள்.

அடுப்புப் பிரச்சினைக்கு என் வாசிப்பு உதவியது. உலக யுத்தக் காலத்தில் விறகில்லாத ஐரோப்பிய வீடுகளில் வைக்கோல் பெட்டிக்குள் சமைத்தார்கள் என்று ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் படித்திருக்கிறேன். பானையை ஒருமுறை நன்றாகக் கொதிக்க வைத்து, கொதியோடு பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவர வைக்கோலை இறுக்கி மூடிவிட வேண்டும். உள்ளே அடங்கிய சூட்டிலேயே ஐந்தாறு மணித்தியாலத்தில் இறைச்சி பஞ்சாக வெந்துவிடும். கிளற வேண்டாம், ஊத வேண்டாம். என் புத்தகங்கள் இருந்த தேயிலைப் பெட்டியை அன்று பொழுதுபட முன் வெறுமையாக்கி, சாக்கு விரித்து, கனகம்மா அக்காவின் மாட்டுக் கொட்டிலில் இருந்து வைக்கோல் வாங்கித் திணித்தேன்.

பங்குனி 25, புதன்கிழமை. மங்கள வார்த்தைத் திருநாள். காலைப் பூசை கண்டுவிட்டு யாழ்ப்பாணம் போனேன். மூன்று கடையில் கையை விரித்தார்கள். நாலாவது கடை முதலாளி ஏணி வைத்து மேல் தட்டில் இருந்து தூசு படிந்த ஒரு பக்கற்றை எடுத்தார்.

"ரோட்டு மூடமுந்தி வந்தது, அண்ணை. ஒருத்தரும் சீண்டேல்லை. ஒரு மனுசி கையிலை எடுத்துப் பாத்திட்டு, நடுவிலை ஓட்டைதானே கிடக்கு, இதிலை என்ன சத்தெண்டு கேட்டிட்டுப் போட்டுது."

"வண்டு இருக்குமே?"

"இல்லாமல்? அதுகளும் சீவிக்க வேணுமெல்லே. வெய்யிலிலை விரிச்சுவிடுங்கோ, இறங்கிப் போகுங்கள்."

கடை வாசலிலேயே நின்று சிலுவை அடையாளம் வரைந்தேன். இரண்டு வருடமாக அந்தப் பக்கற்றை ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

திரும்பி வர, கோழியைத் தேட வேண்டியிருக்கவில்லை. பிலோமினா அக்கா போட்ட சத்தத்தில் விஷயம் வேலி தாண்டிப் போயிருந்தது. கனகம்மா அக்கா ஒரு கிழட்டுப் பேட்டுக்கோழியைக் காலில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தாரும், கிளாக்கர். முட்டை இடுறதை விட்டு மாதக்கணக்காச்சு. அலுவலை அங்காலை கொண்டுபோய்ப் பாரும். கறி மணம் மட்டும் என்ரை சாமியறைப் பக்கம் வரப்படாது."

"பெட்டிக்குள்ளை வேகும், அக்கா. மணம் வராது."

"பெட்டிக்குள்ளையோ? அதையும் பாப்பம்."

கோழியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வெங்காயம், உள்ளி, இரண்டு தக்காளி, உப்போடு பானையில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டேன். முற்றத்தில் மூன்று கல் வைத்து இருபது நிமிடம் கொதிக்க விட்டேன். 11.20க்குப் பெட்டிக்குள் இறக்கி மூடினேன்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் கஷ்டம். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே சூடே தெரியவில்லை. உள்ளே அவிகிறதா, பழுதாகிறதா? பன்னிரண்டரைக்குப் பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, பானைக்குள் கரண்டியை விட்டேன். இறைச்சி கல்லாக இருந்தது. குப்பென்று ஆவி போனது.

பின்னால் கனகம்மா அக்காவின் குரல். "கிளாக்கர், அடைக்கு வைச்ச முட்டையைத் தட்டித் தட்டிப் பாத்தால் குஞ்சு வருமே?"

இனி மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். பனைமட்டை முடிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் எரிக்க ஒரு கடகம் நிறையத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்து கொட்டினார். "இனித் திறந்தீரோ, கையிலை அடிப்பன்" என்றார். ஒரு மணிக்குப் பானை மறுபடி உள்ளே போனது.

நான் போய்க் கட்டிலருகே இருந்தேன். கையில் ஏதாவது வேண்டும் போலிருக்க, பழக்கத்தில் கொப்பியை எடுத்தேன். பிலோமினா அக்கா சொன்னது உறைத்தது. மூடினேன். றெஜினா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், இண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லையோ?"

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருமலும் வந்தது.

"அதிலை நல்லது ஏதும் கிடந்தா வாசியுங்கோவன்."

ஒன்பது வருடக் கொப்பிகளையும் எடுத்துப் புரட்டினேன். சகோதரங்களே, மெய்யாகச் சொல்கிறேன், வாசித்துக் காட்ட ஒரு பக்கம் கிடைக்கவில்லை. நல்லது நடக்காமலா இருந்தது? நான் எழுதவில்லை.

"சரி, நான் சொல்லுறன், எழுதுங்கோ" என்றாள். படுத்தபடியே, விட்டு விட்டுச் சொன்னாள். கப்பலில் தன் போர்வையைக் கொடுத்த பெண். நாங்கள் நனைந்து வந்து நின்ற நாளில், ஆரென்றும் கேட்காமல் அறைத் திறப்பைக் கையில் தந்த கனகம்மா அக்கா. காய்ச்சல் நேரம் வேப்பிலை கொண்டுவந்து விசிறியவர்கள். எல்லாவற்றுக்கும் கூலி கேட்காமல் வந்த வைத்தியர். எனக்குத் திகதிகள் தெரியும். அவளுக்கு ஆட்களைத் தெரிந்திருந்தது. நான் எழுத எழுதக் கண் கலங்கியது. பெட்டியைப் பற்றிய யோசனையே விட்டுப் போனது. அன்றைக்குத்தான் செபம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது.

ஐந்து மணிக்குத் திறந்தேன். இறைச்சி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. மறுபடி ஒரு கொதி வைத்து, மக்கரோனியைப் போட்டு, அரை மணித்தியாலம் பெட்டிக்குள் விட்டு எடுத்து, தேங்காய் முதற்பாலும் மிளகுதூளும் சேர்த்தேன். பறங்கிப் பெண்மணி பாலும் சீஸும் போட்டிருப்பார். எங்களிடம் தேங்காய்தான் இருந்தது.

தலையணை வைத்து றெஜினாவை இருத்தினேன். முதற் கரண்டியை ஊட்டினேன். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். இரண்டாவது. மூன்றாவது. பிறகு கரண்டியைத் தன் கையில் வாங்கினாள். ஐந்து கிழமைக்குப் பிறகு அந்தக் கை கரண்டி பிடித்தது. நடுங்கியது, ஆனால் விடவில்லை. பாதிக் கோப்பை முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

நான் முழந்தாளில் விழுந்துவிட்டேன். குறை சொல்கிறாள்! என் றெஜினா சமையலில் குறை சொல்கிறாள்! சாகப் போகிறவளுக்கு உப்புக் கணக்கில்லை. எழும்பி வரப்போகிறவளுக்குத்தான் அது வேண்டும். உப்புச் சிரட்டையை எடுத்துக் கொடுத்தேன். கோப்பை வெறுமையாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அன்று சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அப்படி ருசித்த சாப்பாடு இல்லை.

அடுத்த நாள் காலையில் கஞ்சி கேட்டாள். ஒரு கிழமையில் முற்றத்துக்கு வந்தாள். சித்திரை 19, உயிர்த்த ஞாயிறு, ஒரு பக்கம் நானும் மறு பக்கம் பிலோமினா அக்காவும் நடக்க, தன் காலால் கோயிலுக்கு வந்தாள். அன்று பூசை கண்டவர்கள் பலர் அதற்குச் சாட்சி.

யுத்தம் நிற்கவில்லை. குருநகர் வீடு எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பாதையும் திறக்கவில்லை. ஆனால் எங்கள் அறையில் பின்னேரங்கள் மாறிவிட்டன. துயரத்தை நான் இன்றும் எழுதுகிறேன்; நடந்ததை மறைப்பது பொய். ஆனால் அன்று பெற்றுக்கொண்டதை முதலில் எழுதாமல் அதை எழுதுவதில்லை. றெஜினா சொல்லித் தருகிறாள். எழுத ஒன்றுமில்லாத நாள் இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

கட்டிலருகே இருந்து அழுகிற ஒருவர் இதை வாசிக்கக்கூடும். சகோதரமே, மனதைத் தளர விடாதேயும். கேளும். கேட்ட பிறகு, எந்த நாளில் எந்த வழியால் தர வேண்டும் என்று ஆண்டவருக்குச் சட்டம் போடாதேயும். அவர் தருவது உம்முடைய கணக்கைக் குழப்பினால் கணக்கை அழித்து எழுதும். அயலில் யார் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறார் என்று பாரும். வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்கு எங்கள் அறையில் செபமாலை சொல்கிறோம். உங்கள் வீட்டு நோயாளியின் பெயரைக் கொண்டு வாருங்கள். முதற் காரணிக்கத்தின் பத்து மணியையும் றெஜினாதான் தொடங்குவாள். குரல் இப்போது வேலிக்கு வெளியேயும் கேட்கும்.