மாப்பிள்ளை நாட்டின் மேல் படையெடுக்கலாமா?

மூன்று லேப்டாப்பும் ஒரு பழைய டெஸ்க்டாப்பும் சேர்ந்து ஓடினால் ஒரு சின்ன ரூம் எப்படிச் சூடாகும் தெரியுமா... அதுவும் திருப்பதியில், கோடைகால ஞாயிற்றுக்கிழமை மதியம். கீபோர்டில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருக்கும். அந்த அனலில் பார்சல் பிரியாணி வாசனை வேறு சுற்றிச் சுற்றி வரும். இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது, எரிச்சல்தான் வரும்.

காரணம் இருக்கிறது.

சேகர், முனிரத்தினம், தாமோதரம், நான்... நாலு பேரும் நகரி, புத்தூர் பக்கத்துக்காரர்கள். ஏர்பேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை, திருப்பதியில் ஒரே ரூம். ஞாயிறு ஆனால் எல்லா சிஸ்டத்தையும் கேபிளில் இணைத்து சாம்ராஜ்யம் கட்டுகிற கேம் ஆடுவோம். விறகு வெட்டி, தங்கம் தோண்டி, கோட்டை கட்டி, கடைசியில் ஒருத்தன் நாட்டை இன்னொருத்தன் பிடிக்க வேண்டும். முதலில் அழிகிறவன் அந்த வாரம் முழுக்க எல்லோர் பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

படை திரட்டுவதெல்லாம் பெரிய வேலையில்லை. யாரை அடிப்பது என்று முடிவெடுப்பதுதான் விளையாட்டே. பக்கத்தில் இருக்கிறவனா, பலமில்லாதவனா, தங்கம் வைத்திருக்கிறவனா என்று பார்க்க வேண்டும். எப்போது பார்த்தாலும் தாமோதரம் எனக்கு இந்த மூன்றுமாக வந்து உட்காருவான். ஒரு சுவர்கூடக் கட்ட மாட்டான். கட்டத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஏனென்றால் அவனுக்கு என் தங்கை சுகுணாவைப் பேசி வைத்திருந்தார்கள்.

ஒருமுறை ரூமுக்கு வந்த அம்மா அவனைப் பார்த்தாள், ஊர் உறவெல்லாம் விசாரித்தாள், பெண் பார்க்கவே வரவழைத்துவிட்டாள். நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து போனில் ஒரே பல்லவி.

"மாப்ளகிட்ட மரியாதயா நடந்துக்கடா. எதுத்து ஒரு வார்த்த பேசாத. பொண்ணு குடுக்கிற வூடு நம்புளுது."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகுதான் மச்சான் உட்கார வேண்டும். மாப்பிள்ளை தப்பாகச் சொன்னாலும் தலையாட்ட வேண்டும். சரி, ஆட்டுகிறேன். அதற்காக கம்ப்யூட்டரில் கூடவா?

கூடத்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். என்ன புத்தியோ...

ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்து நாட்டை விட்டுவிட்டு, மேப்பின் கடைசி மூலையில் கோட்டைக்கு மேல் கோட்டையாகக் கட்டி வைத்திருக்கும் சேகரை நோக்கி என் படை நடக்கும். தாமோதரத்தின் வயலைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகும். சேகர் துவைத்து அனுப்புவான். அப்புறம் அந்த வாரப் பாத்திரம் என் தலையில்.

முனிரத்தினம் தலையில் அடித்துக்கொள்வான்.

"ஒரேய், பக்கத்துலயே தங்கம் கொட்டிக் கெடக்குது. இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம் போய்க்கினு கீற?"

தாமோதரம் பிரியாணி எலும்பைக் கடித்துக்கொண்டே சொல்வான். "வுடுடா, மச்சானுக்கு மரியாத தெரியும்."

அப்போது ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்கள்... பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் சுகுணாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, அவரு தோத்து நீ பாத்துகீறியா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"வூட்டுக்கு வந்தப்ப எல்லாரும் அவரு சொன்னதுக்கெல்லாம் தலயாட்டிக்கினு இருந்தீங்க. அவரும் நல்லாத்தான் பேசினாரு. எல்லாம் நெனச்ச மாதிரி நடந்தா யாருதான் நல்லா பேச மாட்டாங்க? காலம் பூரா கூட இருக்கப் போறது நானு. ஒரு தபா அடிச்சிட்டு, இன்னா பண்றாருன்னு பாத்து சொல்லுண்ணா. நிச்சயம் ஆயிட்டா அப்புறம் நான் வாயத் தொறக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. மரியாதை மரியாதை என்று பறந்துகொண்டிருந்த எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே.

அடுத்த ஞாயிறு என் குதிரைப்படை நேராகப் பக்கத்து நாட்டுக்குள் போனது. சுவரே இல்லாத ஊர். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சேகரும் முனிரத்தினமும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தாமோதரம் லேப்டாப்பை அறைந்து மூடினான்.

"எம்மேலயே கை வைக்கிறியா? பொண்ணு குடுக்கிறவன் அடங்கிக் கெடக்கணும். இருடா, இதுக்கெல்லாம் உன் தங்கச்சி பதில் சொல்லுவா."

சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சேகர் சமாதானம் செய்தான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் விளையாட்டு எதுவும் இல்லை. பாத்திரத்தைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

சுகுணாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"சரிண்ணா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பேசினாள். வீடு ரணகளமானது. "பொம்ம வெளயாட்டுக்காவ ஒரு சம்பந்தத்த ஒடச்சிட்டு வந்து நிக்கிறான் பாரு" என்று என்னைப் பெற்ற நைனாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சுகுணா மட்டும் அசையவில்லை. அப்புறம் சத்தியவேடு பக்கம் கல்யாணமாகி, இப்போது நன்றாகவே இருக்கிறாள்.

அந்த ரூம் எப்போதோ காலியாகிவிட்டது. சேகர் பெங்களூரில், முனிரத்தினம் குவைத்தில். கேம் போனுக்குள் போய்விட்டது. யாரென்றே தெரியாதவன் நாட்டை யாரென்றே தெரியாதவன் பிடிக்கிறான்.

போன மாதம் பெரியம்மா பேத்திக்கு வரன் பார்த்தார்கள். பையன் வீடியோ காலில் வந்தான். நல்ல வேலை, நல்ல சிரிப்பு. எங்கள் வீட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து தலையாட்டினார்கள். சுகுணா என் பக்கம் சாய்ந்து, "கேம் ஆடுவாரான்னு கேளுண்ணா" என்றாள்.

கேட்டேன்.

"ஆன்லைன்ல தெனம் ஆடுவேங்க. தோக்கற மாதிரி இருந்தா நெட்ட கட் பண்ணிட்டு வெளிய வந்துடுவேன்" என்றான்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "எவ்ளோ ஜாலியா பேசறாரு மாப்ள!" என்றாள் அம்மா.

சுகுணா என்னைப் பார்த்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தாமோதரமாவது எதிரில் உட்கார்ந்து தோற்றான்... முகத்தைப் பார்க்க முடிந்தது.