தந்த நிற சாட்டின்

பாரிஸில் அந்த ஆடை மாளிகையின் தையல்கூடத்தில் ஆர்மெல்லின் கைக்குத் தனி மதிப்பு. அவள் தைத்த கவுனைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு பிரபுவின் மனைவிக்காகத் தந்த நிற சாட்டினில் நடன கவுன் ஒன்று தைத்தாள். துணியைக் குறுக்காக வெட்டி, தன் கனத்தில் தானே இறங்கட்டும் என்று தொங்கவிட்டு, அதன் பிறகுதான் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். போட்டுப் பார்க்க வந்த சீமாட்டி கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கழற்ற மனமில்லாமல்தான் கழற்றினாள்.

புனித கேத்தரீன் திருநாள் வந்தது. இருபத்தைந்து வயதாகியும் மணமாகாத தையல்காரிக்குத் தோழிகள் பச்சையும் மஞ்சளுமாய்த் தொப்பி செய்து சூட்டும் நாள். அந்த வருஷம் தொப்பி ஆர்மெல்லுக்கு. எல்லோரும் ஷாம்பெய்னும் சிரிப்புமாக இருந்தபோது, கூடத்தின் தலைவி மதாம் லகோம்ப் உள்ளே போய்க் கவுனுக்கு இஸ்திரி போட்டாள். பெட்டி அதிகம் காய்ந்திருந்தது. மார்புப் பக்கம் பழுப்பாய்ப் பொசுங்கிவிட்டது. கதவருகே நின்ற ஆர்மெல் அதைக் கண்ணால் பார்த்தாள்.

முதலாளி வந்ததும் லகோம்ப் முந்திக்கொண்டாள். "இவதான் சார். குடிச்சுட்டுப் பெட்டியத் தொட்டிருக்கா."

வேலை போய், தலையில் தொப்பியோடு ஆர்மெல் படியிறங்கினாள். லகோம்ப் பரப்பிய பேச்சு அவளுக்கு முன்னால் போய் ஒவ்வொரு மாளிகையின் கதவையும் சாத்தியது. கேளிக்கை அரங்கின் ஆட்டக்காரிகளுக்கு ஜிகினா தைத்து வயிற்றைக் கழுவினாள். தைக்கும்போதெல்லாம் லகோம்பின் முகத்தை நினைத்துக்கொள்வாள். ஊசி நன்றாக இறங்கும்.

அந்த ஆட்ட உடைகளைப் பார்த்து மயங்கிய ஒரு வடிவமைப்பாளர், சொந்த மாளிகை தொடங்கியபோது அவளையே தையல்கூடத் தலைவியாக்கினார். ஆர்மெல் முதலில் குறிவைத்தது பழைய சீமாட்டியை. அதே தந்த நிற சாட்டினில், முந்தையதை மிஞ்சும் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள். சீமாட்டி அதை உடுத்திப் போன விருந்துக்குப் பிறகு பழைய மாளிகையின் வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாக இங்கே படியேறினார்கள். கடைசியில் அந்த இடம் மூடப்பட்டது.

லகோம்ப் வேலை கேட்டு வந்தாள். நாற்காலியை இழுத்தாள்.

"உக்காருங்கன்னு நான் சொல்லலையே, மதாம்."

கூடமே ஊசியை நிறுத்தியது.

"அன்னைக்கு அந்தக் கவுனப் பொசுக்குனது யாரு? இவங்களுக்கும் கேக்கட்டும்."

"பழைய கதைம்மா. எனக்கே மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கல. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க."

லகோம்பின் கழுத்து சிவந்தது. "நான்தான்."

"சத்தமா."

"நான்தான் பொசுக்குனேன். வேல போயிடும்னு பயந்துட்டேன்."

"எனக்கும் அதே பயம் இருந்துச்சு. யாரு கேட்டா?"

வேலை கொடுத்தாள். மேசையின் கோடியில், புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்களோடு உட்கார்ந்து தற்காலிகமாகப் போட்ட கச்சாத் தையல் நூலைப் பிரிக்கிற வேலை.

"போதும்டி, பாவம் வயசானவ," என்றாள் பக்கத்து மேசை இவெத்.

"பாவம்னுதான் நாற்காலி குடுத்திருக்கேன்."

ஒருநாள் ஆடை மாட்டும் பொம்மையில் கருநீல வெல்வெட் கவுன் முடிந்து நின்றது. லகோம்ப் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பழக்கத்தில் தோள் மடிப்பைச் சரிசெய்யக் கை நீட்டினாள்.

"கைய எடுங்க, மதாம்."

லகோம்ப் கையை மடக்கிக்கொண்டு கோடிக்குப் போனாள். ஆர்மெல் அன்று வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.