ஜோதி மெதுவாக எறிந்த பந்து

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினாலும் விரலில் ஏலக்காய் வாசம் போகாது. அந்தக் கையோடுதான் பந்தைப் பிடிப்போம். பந்தும் ஏலக்காய் மணக்கும்...

போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் காயைத் தரம் பிரித்துப் பொறுக்குவோம். சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் மூட்டையில் சாய்ந்து கண் அசருவார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் பின்பக்கத்துச் சிமெண்டுக் களத்துக்கு ஓடிவிடுவோம். குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினால் த்ரோபால்!

ஜோதிக்கு முறமும் என் பக்கத்தில்தான், ஆட்டத்தில் இடமும் என் பக்கத்தில்தான். ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வருவாள்.

ஒருநாள் உயரமாக வந்த பந்துக்கு இரண்டு பேரும் பாய்ந்தோம். அவள் தோள் என்னை இடித்தது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கை சரியாகாமல் போய்விட்டால்? பொறுக்குகிறவளுக்கு விரல்தானே பிழைப்பு... அந்தப் பயத்தில்தான் தூக்கம் போனது.

அம்மா மலைத்தோட்டத்துக்கு விடிவதற்கு முன்பே ஜீப் ஏறிவிடுவார். ஒற்றைக் கையால் எனக்குத் தலை சீவிக்கொள்ளத் தெரியாது. ஜோதி முந்தின பஸ்சைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னிவிட்டு வேலைக்கு ஓடுவாள். அந்த நாட்களில் அவள் அதிகம் பேசியதாக நினைவில்லை.

கட்டுப் பிரித்து மறுபடி வேலைக்குப் போனேன். களத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டாலே கையை மடியில் ஒளித்துக்கொள்வேன்.

ஜோதியும் ஆடப் போகவில்லை. கூப்பிட்டால், "தலை வலிக்குது, நீங்க போங்க" என்பாள். தினமும் தலைவலியா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் இடிச்சுத்தானடி நீ விழுந்த. மறுக்கா யாரையாச்சும் இடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு."

பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"எனக்கு விழுந்துருவோமோன்னு பயம்டி" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்னதும் ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. "எந்திரி. நாம ரெண்டு பேரு மட்டும் போட்டுப் பாப்போம்."

மற்றவர்கள் கை கழுவி வருவதற்குள் களத்துக்குப் போனோம். அவள் பந்தைக் கயிற்றுக்கு மேலே என் கையில் வைப்பதுபோல மெதுவாகப் போட்டாள்.

"என்னடி, கைக்கொழந்தயவா குடுக்குற? எறி!"

எறிந்தாள். கை தானாகப் பின்னால் போனது. பந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததைக் கண்ணை மூடாமல் பார்த்தேன்... பிடித்துவிட்டேன். உள்ளங்கை எரிந்தது. மணிக்கட்டு வலிக்கவே இல்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஜோதி தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி அழுகுற?"

"வேர்வ... போடி!"

இப்போது மதுரையில் இருக்கிறேன். எங்கள் அப்பார்ட்மெண்டில் ஷட்டில் கோர்ட் உண்டு. எல்லோரிடமும் நல்ல ஷூ, முட்டிக்கு மாட்டும் உறை, வலிக்கு ஸ்பிரே. ஆனாலும் சாயங்காலம் பெண்கள் ஓரத்து பெஞ்சில்தான் இருப்போம். ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு இடுப்பு. யாராவது கூப்பிட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று நானும் நழுவிவிடுவேன்.

அன்று விழுந்தபோது வேலை என்ன ஆகும் என்று பயந்தேன். யார் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அதைத்தான் யோசிக்கிறேன்... மகன் வெளியூரில். வீட்டுக்காரருக்கு எந்நேரமும் டூட்டி.

போன வாரம், இன்னமும் போடிப் பக்கமே இருக்கும் ஜோதியோடு போனில் பேசும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவளும் முட்டி வலிக்காரிதான்.

கேட்டுவிட்டுச் சொன்னாள். "இப்பத்தான் மதுரைக்கும் போடிக்கும் ரயிலு வந்துருச்சுல்ல... விழுந்தீன்னா ஒரு போன் போடு, வெரசா வந்துர்றேன். நீ போயி வெளையாடு புள்ள."