நாலாவது பியூஸ் கட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கனவில்லை. யாரோ சொல்லக் கேட்டதும் இல்லை. என் வலது உள்ளங்கையில் தோல் உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை. அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்துதான் இதைச் சொல்கிறேன். அடுத்த அறையில் அண்ணன் படுத்திருக்கிறான். அவன் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் கமர் ஜஹான். பத்தாவது படிக்கிறேன். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டோரம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு ரைஸ்மில். அங்கேதான் அண்ணன் சாந்த் பாஷா பிட்டராக வேலை பார்க்கிறான்.

அண்ணனுக்குக் காற்றுப் பைத்தியம். மில்லில் அவித்த நெல்லைச் சூடான காற்றில் காயவைப்பார்கள். அந்தக் காற்றைத் தள்ளுவது புளோயர். ஆள் உயரத்துக்கு இரும்பில் செய்த நத்தைக் கூடு மாதிரி இருக்கும். உள்ளே ஒரு சக்கரம். அது நடுவில் காற்றை வாங்கி, சுழற்றி, ஓரத்துக்கு எறியும். எறிந்த காற்றைக் கூடு சேர்த்துக் குழாய்க்குள் அனுப்பும். அண்ணன் போன வருஷம், எண்பத்தைந்தில், அந்தச் சக்கரத்தையே புதிதாகச் செய்தான். நேராக இருந்த இதழ்களைப் பின்பக்கம் வளைத்தான்.

"நேரா இருந்தா காத்த அறையும். பின்னாடி சாஞ்சிருந்தா வழுக்கி உடும்" என்று என் நோட்டு அட்டையைக் கிழித்து வளைத்துக் காட்டினான். அந்த நோட்டுக்காக அம்மாவிடம் நான்தான் திட்டு வாங்கினேன்.

கூட்டுக்குள், குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், கூரான ஒரு தகட்டு முனை இருக்கும். அதை நாக்கு என்பார்கள். நாக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே நாலு விரல் சந்து இருந்தது. போகிற காற்று அதன் வழியே திரும்பிச் சுற்றி வீணாகிறது என்று அண்ணன் அதை இரண்டு விரலாகக் குறைத்தான். நெல் சீக்கிரம் காய்ந்தது. முதலாளி சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்லியிருந்தான். குழாய் அடைத்துக்கொண்டால் போன காற்று திரும்பி வரும், மறுபடி போகும். அப்போது புளோயர் மூச்சு வாங்குகிற மாதிரி கேட்கும். ஒரு நாள் எனக்கே கேட்டது. ஹூம்ம்... ஹூம்ம்... வீடு வரைக்கும்.

உமிச் சாம்பல் இதழ்களில் படிந்தால் சக்கரம் ஆடும். சுரண்டி எடுக்க வேண்டும். மில் நிற்பது அமாவாசை ராத்திரி மட்டும்தான். ஆட்கள் எல்லோரும் மேல்மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். தை அமாவாசை அன்றும் அப்படித்தான். அண்ணனுக்குத் துணையாக வருகிறவனும் போய்விட்டான். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். மணி ஒன்பது பத்து.

"இன்னாடி கொழம்பு?"

"கருவாடு. சாப்ட்டுட்டு உள்ள போ."

"சாப்ட்டா வயிறு கதவுல மாட்டிக்கும்."

"உனக்கு வயிறு இருந்தாத்தானே மாட்டும்."

சிரித்தான். மெயின் பலகையிலிருந்து புளோயருக்கு வரும் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கினான். வெள்ளைப் பீங்கான் கட்டைகள். துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அந்த மில்லில் அது வழக்கம். கூட்டுக்குள் போகிறவன் கட்டைகளைத் தன்னோடு எடுத்துப் போவான். வெளியே வந்து அவனே மாட்டுவான். வேறு யாரும் தொடக் கூடாது.

"மொதலாளி வந்து கேட்டா?"

"யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது. உள்ள ஆள் இருக்குதுல்ல."

பக்கத்தில் இன்னொரு புளோயர் நின்றது. பழசு. துருப்பிடித்தது. நாங்கள் இங்கே குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. அது ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே குழாயில்தான் போய்ச் சேரும். வழியை மூட ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு, வெளியே ஒரு பிடி. ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றதன் தகட்டை மூட வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து வரும் காற்று, நின்றிருக்கும் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிவிடும்.

"பழசோட தகட்ட மூடலியாண்ணே?"

"அது செத்த மெஷினு கமரு. அதுலேர்ந்து எங்க காத்து வரப்போவுது?"

பக்கக் கதவைத் திறந்து தலையும் தோளும் உள்ளே விட்டான். வெளியே கால்கள் மட்டும். சுரண்டும் சத்தம் வந்தது. சர்ர்... சர்ர்... நான் பலகைக்குக் கீழே சாக்கு போட்டு உட்கார்ந்தேன். மேலே ஒரே ஒரு பல்பு. ஜன்னலில் ராஜகிரி மலை கறுப்பாக நின்றது.

மில் நாய் எப்போதும் என் பின்னால் உள்ளே வரும். அன்று கதவோடு நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் முதுகில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. சூடான தவிட்டு வாசனை. பாய்லர் சாயங்காலமே அணைந்துவிட்டது. திரும்பினேன். என் பின்னால் பழைய புளோயரின் வாய் இருந்தது.

உள்ளே அண்ணன் யாரிடமோ பேசினான். "ஆமாண்ணே... சரிண்ணே..."

"யாராண்டண்ணே பேசற?"

சுரண்டல் நின்றது. "நீதானே கேட்ட, கட்டை பத்திரமான்னு?"

நான் கேட்கவில்லை. அவன் என்னை அண்ணே என்று ஏன் கூப்பிட வேண்டும்?

பயமாக இருக்கிறது, வா போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கிற பெல்ட்... நகர்ந்தது.

ஒரு சாண். பின்னோக்கி.

"அண்ணே... பெல்ட் ஓடுது."

"கமரு." அவன் குரல் மாறியிருந்தது. "கட்டைய யாரு மாட்னது?"

"யாரும் மாட்டல. உன் இடுப்புலதான் இருக்குது."

"கை நாக்குச் சந்துல இருக்குது. இதழ் வந்து அழுத்துது. எடுக்க முடியல."

ஓடிப்போய் அவன் கால்களைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காத. கை போயிடும். பழசு... பழசோட தகட்ட மூடு."

அப்போது அது ஆரம்பித்தது.

ஹூம்ம்...

பழைய புளோயருக்குள்ளிருந்து. காற்று வெளியே வந்தது. நின்றது. உள்ளே போனது.

ஹூம்ம்...

ஒவ்வொரு மூச்சுக்கும் பெல்ட் ஒரு சாண் நகர்ந்தது. அரைச் சாண் திரும்பியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அண்ணன் முனகினான்.

பிடியை இரண்டு கையாலும் பற்றினேன். இழுத்தேன். பாதி வந்தது. பிறகு திரும்பிப் போனது. மறுபடி இழுத்தேன். மறுபுறம் யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. முரட்டுத்தனமாக இல்லை. அவசரமே இல்லாமல். என் பலம் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்ட மாதிரி.

"கமரு... சீக்கிரம்..."

தொங்கினேன். பிடி என் கையை உரித்துக்கொண்டு மேலே போனது.

ஹூம்ம்...

அண்ணன் கால்கள் தரையை உதைத்தன.

கத்தினேன். ரோட்டில் மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாருக்குக் கேட்கும்?

"உட்டுடு..." என்று அழுதேன். யாரைச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஹூம்...

ஹூ...

நின்றது.

பெல்ட் நின்றது. பிடி என் கையில் தளர்ந்தது. மணி பத்து இருபது.

அண்ணன் கால்கள் அசையவில்லை.

"அண்ணே."

அவன் காலைத் தொட்டேன்.

"அண்ணே..."

மெதுவாக வெளியே வந்தான். முகமெல்லாம் சாம்பல். வலது கையை விரித்துப் பார்த்தான். சட்டைக் கை கிழிந்திருந்தது. கையில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பலகைக்குப் போனான். துண்டை அவிழ்த்தான்.

ஒரு கட்டையை மாட்டினான். இரண்டாவதை மாட்டினான். மூன்றாவதையும் மாட்டினான்.

துண்டில் இன்னொன்று இருந்தது.

கறுத்துப்போயிருந்தது. ஒரு ஓரம் உடைந்திருந்தது. தொட்டேன்... சுட்டது.

"இது ஏதுண்ணே?"

அதைத் திரும்பவும் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"வீட்டுக்குப் போலாம்" என்றான். கருவாட்டுக் குழம்பைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வேலைக்குப் போகிறான், வருகிறான். சக்கரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கட்டையை மட்டும் அவிழ்ப்பதில்லை. குளிக்கும்போதும் இடுப்பில்தான். ஒரு நாள் அவன் அசந்திருந்தபோது எடுக்கப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் கை அவ்வளவு சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நாளை மாசி அமாவாசை. மறுபடி சுத்தம் செய்யச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பிவிட்டார். அதனால் இன்று சாயங்காலம் பாய்லர்காரர் முருகையனிடம் போனேன். மில் கட்டிய நாளிலிருந்து அங்கே இருப்பவர். பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தள்ளினார். ஓரம் உடைந்த கட்டை என்றதும் கை நின்றது.

"எந்த ஓரம்மா?"

"பிடிக்கிற பக்கம்."

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி செல்லப்பன்னு ஒருத்தன். உங்கண்ணன் மாதிரிதான், ஒல்லி. பழச சுத்தம் பண்ண உள்ள போனான். கட்டைங்க மூணும் இடுப்புலதான். புதுசு ஓடிட்டு இருந்துது. தகட்ட மூட மறந்துட்டாங்க. காத்து அந்தப் பக்கமா வந்து சக்கரத்த சுத்திடுச்சு." துண்டால் வாயைத் துடைத்தார். "எடுத்தப்ப அவன் இடுப்புல ரெண்டு கட்டைதான் இருந்துது. ஓரம் ஒடஞ்ச அந்த மூணாவதத் தேடாத எடமில்ல. சாம்பலையெல்லாம் சலிச்சுப் பாத்தோம்."

"இப்ப அந்த புளோயர் ஓடுமா?"

என்னையே பார்த்தார்.

"எப்பிடிம்மா ஓடும்? சக்கரத்த அந்த வாரமே கழட்டி எடைக்குப் போட்டாச்சு. குழாய் வாய உள்பக்கமா இரும்பு வெச்சு வெல்டு அடிச்சாச்சு, வெளியேர்ந்து பாத்தா தெரியாது. தகடும் இல்ல. வெறும் கூடுதான் நிக்குது. நீ இழுத்தியே பிடி... அதுக்கு அந்தாண்ட ஒண்ணுமே இல்ல."

என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அண்ணன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. வெளியே வந்தது. நின்றது. உள்ளே போனது.

"நாளைக்குப் போவாதண்ணே."

அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தக் கட்டையயாவது என்கிட்ட குடுத்துடு. கிணத்துல போட்டுடறேன்."

இடுப்பு முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"எப்பிடிக் குடுக்கறது கமரு? உள்ள ஆள் இருக்குதுல்ல."