கார்க் அவிழ்ந்த இரண்டு ஜாடிகள்

மைசூர் மண்டி மொஹல்லாவில் பிறந்து ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட கொர்னேலியஸுக்கு, வெள்ளைக்காரன் காலத்துக் கிளப்பில் வேலை பார்த்ததில் மிஞ்சியது நாக்கு ஒன்றுதான். சிவப்பு ஒயினை ஒரு வாய் வைத்தால் இன்ன இடத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அதை வைத்துத்தான் ஐம்பத்திரண்டு வயதிலும் மைசூர் ஹோட்டல் ஒன்றில் பட்லராக நிலைத்திருந்தார்.

மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பேர் மாற்றின இரண்டாம் வருஷம், மார்ச் மாதம். நஞ்சன்கூட்டு மில் ஒன்றுக்கு மெஷின் பூட்ட வந்து ஹோட்டலில் தங்கியிருந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் நாட்டுப் போர்தோ ஊர் ஒயினில் ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்திருந்தார்கள். மொரேலுடையது அந்த ஊர் ஆற்றின் இடது கரையில் விளைந்தது. லக்ரானுடையது வலது கரை. மத்தியானச் சாப்பாட்டில் பேர் சொல்லாமல் ஊற்ற வேண்டும், அவரவர் ஒயினை அவரவர் கண்டுபிடிக்க வேண்டும். விடை தெரிந்த ஒரே ஆள் கொர்னேலியஸ்.

வண்டல் கலக்காமல் இரண்டு ஜாடிகளில் வடித்தார். அடையாளத்துக்கு பேர் பதிந்த அந்தந்தக் கார்க்கை ஜாடிக் கழுத்தில் நூலால் கட்டினார். வடிக்கும்போது ஒரு வாய் ருசி பார்ப்பது வழக்கம். அன்று பார்க்கவில்லை. தவக்காலம். அந்த நாற்பது நாளும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று கோயிலில் கொடுத்த வாக்கு.

அரை மணி கழித்து வந்து பார்த்தால் ஜாடிக் கழுத்து இரண்டும் மொட்டை. பாத்திரம் தேய்க்கும் மாதம்மா, கறை பிடித்த கட்டை எதற்கென்று கார்க்குகளை அவிழ்த்து சாசரில் போட்டுவிட்டு, ஜாடிகளைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். எது எதிலிருந்தது என்று கேட்டதற்கு, இரண்டும் சிவப்புத்தானே என்றாள்.

போன மாதம் விருந்தாளி கோட்டில் சூப்பைக் கொட்டியபோதே மேனேஜர் வைத்யநாதன் சொல்லியிருந்தார், இன்னொரு தப்பு நடந்தால் அவர் இடத்துக்குப் பெங்களூரிலிருந்து ஆள் வருவான் என்று. மகள் செலினுக்கு நர்ஸ் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

முகர்ந்து பார்த்தார். அடுப்பில் வதங்கிய வெங்காயம்தான் மூக்கில் ஏறியது. சிலுவை போட்டுக்கொண்டு முதல் ஜாடியில் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டித் தொட்டியில் துப்பினார். பிறகு இரண்டாவது. துப்பி நிமிர்ந்தால் வாசலில் வைத்யநாதன்.

"டூட்டில குடிக்கிறீங்களா, கொர்னேலியஸ்?"

"குடிக்கல சார். துப்பறேன்."

சாப்பாடு முடியட்டும், பேசிக்கொள்வோம் என்று மேனேஜர் போய்விட்டார். கொர்னேலியஸ் கார்க்குகளைக் கட்டி, பேர் தெரியாதபடி ஜாடிக் கழுத்தில் துணி சுற்றி எடுத்துப்போனார்.

மேஜையில் வேறு வினை. இரண்டு பேரும் ஒரே ஜாடியைக் காட்டித் தன்னுடையது என்றார்கள். துணியை அவிழ்த்தார். அதில் மொரேலின் கார்க். லக்ரானுக்கு முகம் சிவந்துவிட்டது. கார்க் இடம் மாறவே இல்லை என்று சத்தியம் செய்வாயா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். கொர்னேலியஸ் தனக்குத் தெரிந்த பட்லர் இங்கிலீஷில் சொன்னார், கார்க் அவிழ்ந்துபோயிற்று, நாக்கை நம்பித்தான் மறுபடி கட்டினேன் என்று. ஒன்று நாவல்பழத் தோலை மென்றதுபோல ஈறைப் பிடிக்கிறது, அது இடது கரை. மற்றது பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது, அது வலது.

லக்ரான் ரொட்டியைப் பிய்த்து மென்றார், தண்ணீர் குடித்தார், இரண்டையும் மறுபடி வாயில் வைத்தார். கொர்னேலியஸுக்குக் கழுத்துப் பட்டி நனைந்துவிட்டது. கடைசியில் லக்ரான், இருவரும் காட்டிய ஜாடியை மொரேல் பக்கம் தள்ளினார். மற்றதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேஜை காலியானதும் வைத்யநாதன் வந்தார். "நாளைக்கு எப்பவும்போல பத்து மணிக்கு வந்துடுங்க. கார்க்கை அவுத்தது மாதம்மாதான்னு கேள்விப்பட்டேன். அவளை நான் கவனிச்சுக்கிறேன்."

"அவள வுட்ருங்க சார். வடிக்கறப்பவே வாயில வச்சிருக்கணும். தவக்காலம்னு நான் வைக்கல, கார்க்க நம்பிட்டேன்."