ஹெப்சி டீச்சர் இருமக் கற்றுக்கொண்டது

முப்பத்து நான்கு வருடம் ஹெப்சி டீச்சரின் வகுப்பில் யாரும் இருமியதில்லை. கிழக்குத் தாம்பரத்துப் பிள்ளைகளுக்குச் சளியே பிடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. இருமல் வந்தால் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைப்பதற்குள் இருமல் பயந்து போய்விடும். ஊருக்குப் போட்ட சட்டத்தைத் தனக்கும் போட்டுக்கொண்டதுதான் டீச்சரின் நேர்மை. வினையும் அங்கேதான் இருந்தது.

சின்ன வயதில் வந்த நிமோனியா அவருடைய மூச்சுக்குழாய்களைப் பழைய ரப்பர் குழாய் போலத் தொளதொளக்க வைத்துவிட்டது. அங்கே சளி தேங்கும். தேங்கியது வெளியே வந்தாக வேண்டும். டீச்சரோ கன்னத்தில் கிராம்பை அடக்கி, கிராம்போடு இருமலையும் அடக்கி, பல வருடங்களை ஓட்டினார். ஆலயத்துக்குப் போகும் நாளில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். குடித்தால் தொண்டை அரிக்கும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சளி உள்ளே பசையாகக் காய்ந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை கேரல் ஆராதனையில் ஒன்பது வேதபாடங்கள் வாசிக்கப்படும். கடைசிப் பாடம் இருபத்திரண்டு வருடமாக டீச்சருடையது. போன வருடம் மூன்றாவது வரியில் இருமல் பிடித்துக்கொண்டது. அடக்க அடக்க முகம் சிவந்ததே தவிர நிற்கவில்லை. நிலைமையைச் சமாளிக்க ஆர்கன்காரர் அடுத்த பாட்டைத் தொடங்கினார். சபையும் எழுந்து நின்று பாடிவிட்டது. ஒன்பதாம் பாடம் இல்லாமலேயே அந்த வருடம் கிறிஸ்து பிறந்தார்.

இந்த வருடம் அக்டோபரிலேயே சபைச் செயலாளர் ஜெபராஜ் ஒரு டப்பா கேக்கோடு வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், இந்தத் தடவை நீங்க உக்காந்து கேளுங்களேன். ஜோசலின் வாசிக்கட்டும்."

"ஜோசலினா? நாலு வருஷம் நான்தானே தமிழ் நடத்தினேன். அவளுக்கு 'ழ' வராதே."

"இருமல் வராதே, டீச்சர்."

கேக் இனிக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. டீச்சரே வாசிக்கலாம், ஆனால் ஜோசலின் முதல் பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருப்பாள். இருமினால் அவள் எழுந்து வருவாள். அதன் பிறகு அந்தப் பாடம் அவளுக்கே.

மறுவாரமே நுரையீரல் டாக்டரின் சீட்டோடு சேலையூரில் எழில் என்ற பிசியோதெரபிஸ்ட் முன்னால் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவை இருமிக் காட்டுங்க மேடம்."

டீச்சர் கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் திருப்பி, பூனைக்குட்டி தும்மியது போல ஒரு சத்தம் கொடுத்தார்.

"இது இருமல் இல்ல மேடம், லீவ் லெட்டர்."

டீச்சரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. அவருக்குப் பிடித்துப்போனது.

எழிலின் பாடம் எளிமையானது. முதலில் வயிறு எழும்ப மெதுவாக மூச்சு. பிறகு ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, விடுவது. அப்புறம் மூக்குக் கண்ணாடி துடைக்க ஊதுவோமே, அந்த மாதிரி வாயைத் திறந்து 'ஹா'. சளி மேலே ஏறியதும் இருமித் துப்பிவிட வேண்டும். காலையும் மாலையும் இருபது நிமிடம். நாள் முழுக்கத் தண்ணீர். மூச்சு வாங்கினால் எதிரே மெழுகுவர்த்தி இருப்பதாக நினைத்து, உதட்டைக் குவித்து நிதானமாக ஊத வேண்டும்.

"சுடர் சாயணும் மேடம், அணையக் கூடாது."

"அணைஞ்சா?"

"ஹேப்பி பர்த்டே. மறுபடி முதல்லேர்ந்து."

சளி இளக முதுகில் தட்டும் பொறுப்பு கணவர் தனசிங்குக்கு. உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு வந்தார். "நாப்பது வருஷம் ஆச்சு ஹெப்சி, இதுக்குப் பர்மிஷன் கிடைக்க." கடமையை அவர் சற்று அதிக உற்சாகத்தோடுதான் செய்தார். மூன்றாம் வாரம் கீழ்வீட்டு பத்ரிநாராயணன் படியேறி வந்து விசாரித்தார்: "காத்தால ஆறு மணிக்கு யாரு மேடம் மிருதங்கம் கத்துக்கறா? தாளம் பரவால்ல. கூடப் பாடறவாளுக்குத்தான் தொண்டை சரியில்ல."

வாழ்நாளில் முதல்முறையாகத் தன் சத்தத்துக்காக டீச்சர் மன்னிப்புக் கேட்கவில்லை. நவம்பர் முடிவில், தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தை நடுவில் நிற்காமல் ஏறி இறங்கினார். இறங்கியதும், வேலை எதுவும் இல்லாமலே இன்னொரு முறை ஏறினார்.

கேரல் மாலை வந்தது. பாடகர் குழு அறையில் அங்கி போட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து 'ஹா' என்றார். அறை திடுக்கிட்டது. பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். இருமக் கை தூக்கியவர்கள்.

"என்ன பார்வை? தொண்டை திறக்கிற பயிற்சி. எல்லாரும் சொல்லுங்க."

இருபத்தாறு பேர் 'ஹா' என்றார்கள். அந்த ஆரவாரத்தில் டீச்சர் இரண்டு முறை நன்றாக இருமி, மூடி போட்ட டம்ளரில் வேலையை முடித்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். கீழ்க்குரல் பாடும் ஆல்ட்டோ பெண்கள் இந்தப் பயிற்சியால் தங்கள் குரல் திறந்ததாக இன்றும் சொல்கிறார்கள்.

விளக்குகள் அணைந்து, வாசிப்பு மேசையில் ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிந்தது. டீச்சர் தொடங்கினார். மூன்றாவது வரி தாண்டியது. ஏழாவது வரியில் நெஞ்சுக்குள் அந்தப் பழைய அரிப்பு எட்டிப் பார்த்தது. ஜோசலின் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். ஜெபராஜ் கண்ணை மூடினார். ஜெபமா பயமா என்று தெரியவில்லை.

பழைய ஹெப்சி என்றால் மூச்சைப் பிடித்து அடக்கியிருப்பார். இவர் முற்றுப்புள்ளியில் நின்றார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விட்டார். சுடர் சாய்ந்தது. அணையவில்லை. இன்னொரு முறை. சுடர் நிமிர்ந்தது, அரிப்பு அடங்கியது. ஒவ்வொரு 'ழ'வும் கூரையைத் தொட, கடைசி வரிவரை வாசித்து முடித்தார்.

வாசலில் கைகொடுத்த ஆயர், அந்த நிறுத்தத்தில் இருந்த பக்தி தன்னை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். டீச்சர் மறுக்கவில்லை.

பின்னால் வந்த ஜெபராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிசம்பர் பனி, தொண்டை கமறியது. அவரும் டீச்சரிடம் படித்தவர்தான்; பழைய பழக்கத்தில் கை தன்னால் மேலே போனது.

"கையெல்லாம் எதுக்கு ஜெபராஜ்? அந்தப் பக்கம் போய் நல்லா இருமிட்டு வாங்க" என்றார் டீச்சர். "அப்புறம் அடுத்த வருஷத்துப் பாடத்தைப் பத்திப் பேசலாம்."