முப்பத்தெட்டாவது வரி: ஓட்டிப் பார்த்தல்

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை நான் ஓட்டலாம் என்று என் லைசென்ஸில் அச்சிட்டிருக்கிறது. அரசாங்கம் அப்படி நம்பியது. அம்மாவும் நம்பினாள். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும்: பதினெட்டு வயதில் நான் எட்டு போட்ட வண்டியில் காலுக்குக் கியரே கிடையாது.

அப்போது எங்கள் பக்கத்து டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வைத்திருந்தது, இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் ஒரு குட்டி வண்டி. மைதானத்தில் நட்ட கம்பிகளுக்கு நடுவே, காலை ஊன்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றி வந்துவிட்டால் போதும். முதல் கியரிலேயே முடிந்துவிடும். நானும் முடித்தேன். கியர் உள்ள வண்டி என்று எழுதிய லைசென்ஸ் தபாலில் வந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடம் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை இரவல் வாங்கி ஓட்டினேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்ததோடு சரி. இப்போது அந்தக் குட்டி வண்டியை டெஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே எடுத்திருந்தால் எனக்கு ஒரு பொய் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த பொய்யை நான் சொன்னது வேலையிடத்தில். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில், அழுத்தமும் வெப்பமும் காட்டும் கருவிகள் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவில் இருந்தேன். பாலிடெக்னிக்கில் படித்ததும் அதுதான். ஆனால் எனக்குக் கண்ட்ரோல் ரூமுக்குப் போக வேண்டும். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேலதிகாரி கூப்பிட்டு, ஒன்றாம் தேதி முதல் ஓர் இடம் காலியாகிறது, காலை ஆறு மணி ஷிப்ட், உங்கள் ஊர் கொல்லங்கோட்டிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாதே, சொந்த வண்டி இருக்கிறதா என்று கேட்டார்.

“இருக்கு சார்” என்றேன்.

வண்டியும் இல்லை, ஓட்டவும் தெரியாது. பதினெட்டு நாள் இருந்தது. ஒன்றாம் தேதி ஆறு மணிக்கு நான் கேட்டில் நிற்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் வாய்க்கால் கரையில் வர வேண்டும். கரை முழுக்கக் கல்லும் குழியும். போன மழையில் இரவல் ஸ்கூட்டரின் சின்ன முன்சக்கரம் ஒரு குழிக்குள் இறங்கி, நானும் அதுவும் சேர்ந்து பக்கத்து வயலில் போய் உட்கார்ந்தோம். பெரிய சக்கரம்தான் சரி என்று அன்றே முடிவு செய்தேன். தவிர, எனக்கு மோட்டார் சைக்கிள் பிடிக்கும். இதை வீட்டில் காரணமாகச் சொல்லவில்லை.

புது வண்டிக்குப் பதிவு செய்தால் கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஆகவே பழைய வண்டி. அதற்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். முப்பத்தெட்டு வரி. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா. ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா. புகை நீலமா, வெள்ளையா. செயின் எவ்வளவு தொங்குகிறது. டேங்குக்குள் துரு உண்டா. இப்படிப் போய் முப்பத்தெட்டாவது வரியில் ‘ஓட்டிப் பார்த்தல்’ என்று முடியும். பட்டியலைப் பரீட்சை அட்டையில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, கூட வந்த அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, வண்டி வாங்கப் போறமா, பரிச்சை எழுதப் போறமா?”

முதல் வண்டி கல்பாத்தியில். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். வண்டியை வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார். வேட்டியை எடுத்தபோது உண்மையிலேயே கண் கூசியது.

“மழையில எறக்கினதே இல்லை, கேட்டேளா. வெயில்லயும் அதிகம் எறக்கறதில்லை.”

“அப்பறம் எப்பத்தானுங்க ஓட்டுனீங்க?” என்றாள் அம்மா.

“பேங்குக்கும் கோவிலுக்கும். பேங்கு ரிட்டயர் ஆயாச்சு. கோவில் நடக்கற தூரம்.” அவரே சிரித்துவிட்டார். “பெட்ரோல் இருக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கோ. தெருவில ஆரும் கெடையாது.”

தெருவில் யாரும் இல்லைதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வீட்டுக்கு ஒரு ஜன்னல். நான் மும்முரமாகக் குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். அந்த டயர்கள் என் லைசென்ஸைவிட மூத்தவை. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் கல்லாகியிருந்தது. பதினாறாவது வரியில் ஒரு பெருக்கல் குறி போட்டு, மன்னிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேட்டியைத் திரும்பப் போர்த்தினார். அவருக்கே விற்க மனசில்லையோ என்று தோன்றியது.

இரண்டாவது வண்டி மாநில எல்லையில், வாளையாரில். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்டு ஒருவர் பழைய வண்டிகள் விற்றார். தமிழ்நாட்டு நம்பர், மலிவு. இந்தப் பக்கத்துக்கு மாற்றப் பேப்பர் வேலை இருக்கிறது, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் புறங்கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோனேன். தொடக்கூட வேண்டியிருக்கவில்லை, அனல் அடித்தது. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக மக்கர் செய்தால் அதை மறைப்பதற்கு ஆள் வருமுன் சூடாக்கி வைப்பார்கள்.

“வண்டி சூடா இருக்குதுங்களே” என்றேன்.

“இப்பத்தானுங்க டீ குடிக்கப் போயிட்டு வந்தேன்.”

அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். “டீக்கடை எதுத்தாப்புலயே இருக்குதுங்க. கோயமுத்தூரு சுத்திப் போனீங்களாக்கும்?”

பக்கத்தில் நின்றிருந்த லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. இரண்டாவது வரியிலேயே பெருக்கல் குறி. எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நிம்மதி எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

அம்மா யோசித்திருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் பரீட்சை அட்டையை என் மடியிலிருந்து எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

“கடைசி வரி வரைக்கும் நீ போகவே மாட்டீங்கறியே.”

“அதுக்கு முன்னாடியே தப்பு கெடச்சுருதும்மா.”

“அந்த ரெண்டாவது ஆளு ஏமாத்துக்காரன், செரி. கல்பாத்திக்காரரு வண்டிக்கு என்ன? டயரு மாத்திக்கலாமில்ல? உங்கப்பா சைக்கிளுக்கு எத்தன டயரு மாத்தியிருக்கறாரு.”

ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு அன்றைக்கு நிறைய இருந்தது. அடுத்த நாள் கல்பாத்திக்கு போன் செய்து பார்த்தேன். வண்டி விற்றுவிட்டது. அதன் பிறகு பத்து நாள் நல்ல வண்டி எதுவும் கண்ணில் படவில்லை, அல்லது போனில் வந்த போட்டோக்களிலேயே ஏதாவது குறை கண்டுபிடித்தேன்.

மூன்றாவது வண்டிக்குப் போனபோது ஐந்து நாள்தான் பாக்கி. கொல்லங்கோட்டிலேயே, ஒரு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இருந்த நர்ஸ் விற்கிறாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். ஊர் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். வெளிநாட்டில் வேலை கிடைத்து அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. அந்தச் சேரு வேணாம், ஒரு காலு ஆடும். வண்டி பரவால்ல, ரெண்டு சக்கரமும் நல்லாத்தான் இருக்கு.”

வண்டி அழகாக இல்லை. கண்ணாடி இரண்டும் இரண்டு ஜாதி. சைலன்சரில் ஒரு சொட்டை. நான் அட்டையை எடுப்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“இந்தச் சொட்டை கொண்டை ஊசி வளைவுல வுழுந்ததுங்கக்கா. ரெண்டு தடவ வுழுந்துருக்கேன். மூணாவது தடவ நான் மட்டும் வுழுந்தேன், வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. செயினு கொஞ்சம் லூசு. முன் சக்கரத்தப் புடிச்சிருக்கற போர்க்குல லேசா எண்ணெ கசியும். பின் பிரேக்கு கத்தும், ஆனா புடிக்கும்.”

நான் கண்டுபிடிக்க வேண்டியவற்றை விற்பவரே சொல்லிவிட்டால் பட்டியல் என்ன செய்யும்? இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எண்கள் பொருந்தின. இன்ஜின் ஜில்லென்று இருந்தது. இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. டேங்குக்குள் போன் வெளிச்சத்தில் துரு தெரியவில்லை. அவள் சொன்னதைத் தவிர வேறு குறை இல்லை. முப்பத்தேழு வரி முடிந்தது. நான் திரும்பவும் போர்க்குக்குப் போனேன்.

“இந்தக் கசிவு கொஞ்சம் யோசிக்க வேண்டியதா…”

“அது கசிஞ்சிட்டுப் போகுது” என்றாள் அம்மா. “நீ ஏறு.”

நான் ஏறவில்லை. வண்டி என் பக்கத்தில் டுக்கு டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன்.

“எனக்குக் கால் கியர் தெரியாதும்மா.”

“அப்ப லைசென்சு?”

“அது கையில மாத்தற வண்டியில எடுத்தது.”

அம்மா எதையும் சொல்வதற்குள் நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். “எட்டு அந்தக் குட்டி வண்டியிலயா போட்டீங்க? நானும் அதுலதாங்க்கா! இந்த ஊருல பாதிப் பேரு அப்பிடித்தான், சொல்ல மாட்டாங்க.”

“இவ ஆபீசுல வண்டியே இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறா சாமி” என்று அம்மா அவளிடம் முறையிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “பதிமூணு நாளா என்னைய பஸ்ஸுல இழுத்துட்டுத் திரிஞ்சயே, ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?” என்றாள். அவ்வளவுதான் திட்டு. இன்னும் நிறைய வரும் என்று நினைத்திருந்தேன்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் இருந்தது. முன்னால் மிதித்தால் மேல் கியர், குதிகாலால் பின்னால் மிதித்தால் கீழ் கியர். இதை இரண்டு வினாடியில் புரிந்துகொண்டேன். உடம்புக்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பிடித்ததும் என் இடது மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொண்டது, திரும்பாத கைப்பிடியைத் திருப்பப் பார்த்தது. அதற்குள் வண்டி ஒரு குலுக்கலோடு அணைந்துவிடும். அம்மா மதில்மேல் உட்கார்ந்து உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஒம்போது!”

“எண்ணாதம்மா!”

“பட்டியலு போடறது உனக்கு மட்டுந்தானா?”

“மணிக்கட்ட விட்டுருங்கக்கா” என்றாள் நர்ஸ், “பாவம் அது.”

பதினான்கோடு எண்ணிக்கை நின்றது. பதினைந்தாவது முறை வண்டி நகர்ந்தது, இரண்டாவது கியர் விழுந்தது, மைதானத்தின் மறுமுனையில் படுத்திருந்த மாடு எழுந்து ஓரமாகப் போனது. மூன்று சாயங்காலம் போனோம். மூன்றாம் நாள் முடிவில் அம்மா மதிலிலிருந்து இறங்கி, செருப்பைச் சரி செய்துகொண்டு வந்து என் பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சுற்று. என் தோளைப் பிடித்திருந்த கையின் இறுக்கம் முதல் வளைவில் இருந்ததைவிட நான்காவது வளைவில் குறைந்திருந்தது. நான் கருவிகளைச் சோதிப்பவள், அந்த அளவீட்டை நம்பினேன். விலையை அம்மாவே பேசி முடித்தாள், ஹெல்மெட்டையும் சேர்த்து வாங்கினாள். பட்டியலில் தன் கையெழுத்தில் முப்பத்தொன்பதாவதாக ஒரு வரி எழுதினாள்: சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் கம்பி. ஆர்.சி. மாற்றுவதற்கான பேப்பர்களில் நர்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு, வண்டியின் டேங்கை ஒரு தட்டுத் தட்டினாள். “பத்திரமா போயிட்டு வாடா” என்று வண்டியிடம்தான் சொன்னாள்.

ஒன்றாம் தேதி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிளம்பினேன். வாய்க்கால் கரையில் குழிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பெரிய சக்கரம் அவற்றில் இறங்கி ஏறி வந்தது. வண்டி வழியில் இரண்டு முறை அணைந்தது. ஒன்று சிக்னலில். மற்றொன்று கேட்டில், நியூட்ரல் கிடைக்காமல், செக்யூரிட்டிக்காரர் கண் முன்னாலேயே. அவர் ரெஜிஸ்டரை நீட்டினார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டரை மணிக்கு டீ இடைவேளையில் அம்மா போன் செய்தாள். போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்கவில்லை.

“வாசல்ல நின்னு கேட்டுட்டே இருந்தேன் கண்ணு. ஒண்ணாங் கியரு கேட்டுது, ரெண்டு கேட்டுது, மூணு கேட்டுது. நாலாவது கேக்கவே இல்லியே?”

“நாலாவது தார் ரோட்டுலதாம்மா போட்டேன்.”

“அது செரி” என்று வைத்துவிட்டாள்.